தீர்மானத்தின் மறுபாதி

(திண்டுக்கல் மாவட்டம் அகரத்தில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

தாய்மார்களே, பெரியவர்களே, பேரூராட்சி மன்ற உறுப்பினர்களே, வேலையை முடித்துக்கொண்டு வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே இங்கு வந்திருக்கும் தோழர்களே!

ஊர் மன்றம் எடுக்கும் தீர்மானங்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். சாலை, சாக்கடை, குடிநீர் ஒரு பக்கம். பழைய குளம், பழைய கல், பழைய கட்டடம் இன்னொரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் பணம். இந்த மூன்றையும் மூன்று தனித்தனிப் பேச்சாகவே நாம் பேசிவருகிறோம். மூன்றும் ஒரே பேச்சு என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

திண்டுக்கல்லை நெருங்கும் எந்தச் சாலையில் வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தப் பாறைதான். அதன்மேல் 1605-இல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் காலத்தில் கோட்டை எழுந்தது. ஹைதர் அலியின் படை அதில் இருந்தது. பிறகு ஆங்கிலேயர் வந்தார்கள். கோட்டையின் காலடியில் ஒரு குளம். அதற்குப் பெயரே கோட்டைக்குளம். மேலே இருப்பதை வரலாறு என்கிறோம், கீழே இருப்பதைத் தண்ணீர் என்கிறோம். கோட்டை கட்டிய காலத்தில் இந்தப் பிரிவினை கிடையாது. தண்ணீர் இல்லாத கோட்டை ஒரு முற்றுகைக்குத் தாங்காது என்று கட்டியவனுக்குத் தெரியும். அதனால் பாறையின் உச்சியிலும் சுனைகளைக் காத்தார்கள், அடியிலும் குளத்தைக் காத்தார்கள்.

திண்டுக்கல் நகராட்சி 1866-இல் அமைந்தது. 2014-இல் மாநகராட்சி ஆயிற்று. சுமார் 14 சதுர கிலோமீட்டர் பரப்பில், 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள், 48 வார்டுகள். இந்த ஒன்றரை நூற்றாண்டில் அந்த மன்றத்தை அதிகம் வாட்டிய கேள்வி தண்ணீர்தான். ஆத்தூர் காமராஜர் அணை, வைகையின் பேரணை, காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேடித் தேடித் தூரத்துத் தண்ணீரைக் கொண்டுவந்த நகரம் அது. உங்கள் பக்கத்தில் ஓடும் குடகனாறும் அந்த ஆத்தூர் அணையைத் தாண்டித்தான் வருகிறது. மேலே ஒரு மன்றம் எடுக்கும் முடிவு கீழே இருக்கும் ஊரின் கிணற்றைத் தொடும் என்பதை அகரத்துக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இனி, எது யார் கையில் இருக்கிறது என்று பார்ப்போம். மலைக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் கையில். 2010-இல் திருத்திய சட்டப்படி, அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டருக்கு அனுமதி பெற்றே கட்ட வேண்டும். தாடிக்கொம்பு சௌந்தரராசப் பெருமாள் கோயிலின் தாயார் சன்னதி மண்டபத் தூண்களை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கோயில் அறநிலையத் துறையின் கையில். ஆறு நீர்வளத் துறையின் கையில். பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறையின் கையில்.

அப்படியானால் மன்றத்தின் கையில் என்னதான் இருக்கிறது? எந்தத் துறையின் பட்டியலிலும் ஏறாத எல்லாமே அதன் கையில்தான். தெருமுனைக் கிணறு, ஊருணி, சந்தைத் திடல், நூறு வயதுப் பள்ளிக்கூடக் கட்டடம், சுமைதாங்கிக் கல், மாடு தண்ணி குடிக்கும் கல்தொட்டி. பெரிய கோட்டைக்குக் காவலாளி உண்டு, அறிவிப்புப் பலகை உண்டு, சட்டம் உண்டு. இவற்றுக்கு இருக்கும் ஒரே காவல், மன்றத்தில் கை தூக்கும் உறுப்பினர்கள்தான்.

சுமைதாங்கிக் கல்லைப் பற்றி ஒரு செய்தி. ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் சிறுவனாக நடந்து பள்ளிக்குப் போன பாதையில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கல் நட்டு, மேலே ஒரு கல் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் யாருடைய உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அவளுடைய வீட்டார் நட்டு வைப்பது. அவளால் இறக்கி வைக்க முடியாத சுமையை வழியில் போகிற யாராவது இறக்கி வைக்கட்டும் என்று நினைத்த மனது அது. சில ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாதைக்குப் பேவர் பிளாக் கல் பதித்தார்கள். நல்ல வேலை, தேவையான வேலை. சுமைதாங்கி வழியில் நின்றது. எடுத்துப் போட்டுவிட்டார்கள். எங்கே போட்டார்கள் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. மதிப்பீட்டில் கல் இல்லை. தீர்மானத்திலும் கல் இல்லை. எழுத்தில் இல்லாத பொருளைக் காப்பாற்ற வேண்டிய கடமை யாருக்கும் இல்லை என்று ஆகிவிட்டது.

யார்மேலும் பழி போட இதைச் சொல்லவில்லை. எழுத்தில் இல்லாதது இல்லாமலே போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் பக்கத்து மதுரையில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. விசுவநாத நாயக்கர் காலத்துக் கோட்டை மதுரையைச் சுற்றி நின்றது. 72 கொத்தளங்கள், சுற்றிலும் அகழி. 1830-களில் கலெக்டராக வந்த பிளாக்பர்ன் ஊரைப் பார்த்தார். மதிலுக்குள் நெரிசல், அகழியில் நாற்றம், காய்ச்சல். ஊர் மூச்சுவிட இடம் வேண்டும் என்று அவர் நினைத்ததில் தவறில்லை. அதற்குக் கருவூலத்தில் பணம் இல்லை. அவர் கண்ட வழி இதுதான்: மதிலை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடமே வீட்டுமனை. அரசுக்குப் பெரிய செலவில்லாமல் கோட்டை போயிற்று. புதுத் தெருக்கள் வந்தன. இன்றைக்கும் மதுரையில் வெளி வீதி என்கிறோம். வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரில் ஒரு வீதி, அளந்த மாரட்டின் பெயரில் ஒரு வீதி. பிளாக்பர்னின் நினைவாக நட்ட விளக்குத்தூண் அந்தப் பகுதிக்கே பெயராகிவிட்டது.

இந்த ஒரு செயலில் நம் மூன்று பேச்சும் ஒன்றாக நிற்கின்றன, பாருங்கள். சாலை வந்தது, அது கட்டமைப்பு. கோட்டை போனது, அது மரபு. மனைநிலம் கைமாறியது, அது நிதி. ஊரின் பழஞ்சொத்தை விற்றுப் புதுவசதி வாங்கினார்கள். வசதி உண்மையானது, மக்கள் அதில் வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள். ஆனால் நிலம் ஒருமுறைதான் விற்கும், மதில் ஒருமுறைதான் இடியும். கிழக்கே பழைய வாசல் ஒன்று தப்பியது. அதற்கு மக்கள் வைத்த பெயர் விட்டவாசல். இடிக்காமல் விட்ட வாசல். ஒரு நகரம் தான் இழந்ததை ஒரே சொல்லில் எழுதி வைத்திருக்கிறது.

அதன்பின் கொஞ்ச காலத்திலேயே அரசின் மனமும் மாறியது. 1866 முதல் 1872 வரை சென்னை கவர்னராக இருந்த நேப்பியர் பிரபு, இடிந்துகொண்டிருந்த திருமலை நாயக்கர் மகாலைச் செப்பனிடச் செய்தார். அந்த மகால் 1970 வரை மாவட்ட நீதிமன்றமாக இயங்கியது. பயன்பாட்டில் இருந்த கட்டடம் பிழைத்தது. அதில் வேலை பார்த்த கட்டடக் கலைஞர் சிஷோம் பின்னாளில் சென்னையில் வரைந்து கொடுத்ததுதான் விக்டோரியா பொது மண்டபம். மக்கள் நன்கொடையில் கட்டிய அந்த மண்டபம் நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. சென்னை மாநகராட்சி 2023-இல் அதைப் புதுப்பிக்கும் பணியை எடுத்தபோது போட்ட மதிப்பீடு 32 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுதோறும் ஓடு மாற்றி, மழைநீர்க் குழாயை அடைப்பெடுத்து வந்திருந்தால் இத்தனை கோடி ஆகியிருக்காது. பராமரிக்காத ஒவ்வொரு ஆண்டும் ஒரு கடன்தான். அதற்கு வட்டி உண்டு. வட்டியைப் பேரப்பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

உலகம் முழுவதும் இப்படித்தான் பாடம் படித்திருக்கிறது. நியூயார்க்கில் பென்சில்வேனியா ரயில் நிலையத்தை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள், ஊர் கொதித்தது, 1965-இல் பழைய கட்டடங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் வந்தது. நம் மாநிலத்தில் மரபுச்சின்ன ஆணையச் சட்டம் 2012-இல் இயற்றப்பட்டு, 2024-இல்தான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் வருவதற்குள் கல் போய்விடும். ஆகையால் ஊர் மன்றம் சட்டத்துக்காகக் காத்திருக்கக் கூடாது.

இப்போது கணக்குப் புத்தகத்தைத் திறப்போம். தமிழ்நாட்டு நகராட்சிகள் 2000-ஆம் ஆண்டிலேயே சொத்து, பொறுப்பு, தேய்மானம் எல்லாம் காட்டும் கணக்கு முறைக்கு மாறின. இதில் நாம் நாட்டுக்கே முன்னோடி. ஆனால் 2004-இல் வந்த தேசிய நகராட்சிக் கணக்குக் கையேடு ஒரு விதி சொல்கிறது. சிலை, அரிய கலைப்பொருள் போன்றவற்றுக்கு வாங்கிய விலை தெரியாவிட்டால், மதிப்பு ஒரு ரூபாய் என்று எழுத வேண்டும். கணக்கருக்கு அது சரியான விதி. ஏதாவது ஓர் எண் வேண்டுமே. ஊருக்கு அது ஆபத்தான எண். புது மோட்டார் அறைக்குப் பதிவேட்டில் லட்சங்கள் நிற்கும். முன்னோர் விட்டுப்போன கல்லுக்கு ஒரு ரூபாய் நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் புது உறுப்பினர் எதைக் காப்பார்?

அடுத்தது வருமானம். பேரூராட்சிக்குச் சொந்த வரவு என்றால் சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தை ஏலம். பெரும்பகுதி மேலிருந்து வரும் மானியம். மத்திய நிதிக்குழுவின் பணம் வருகிறது. 15-ஆவது நிதிக்குழு நம்மைப் போன்ற ஊர்களுக்கு ஒதுக்கியதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டி வைத்துக் கொடுத்தது. அம்ருத் 2.0 திட்டம் வந்தது, கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் வந்தது. கட்டுவதற்குப் பணம் வருகிறது. கட்டியதைக் காப்பதற்கு யார் பணம் தருகிறார்கள்? அது நம் சொந்த வரவிலிருந்துதான் போக வேண்டும். தொட்டி கட்ட மானியம் கிடைக்கும். தொட்டி கழுவ மானியம் கிடைக்காது. குளத்தைச் சுற்றி நடைபாதை போட மானியம் கிடைக்கும். குளத்துக்கு வரும் வாய்க்காலில் ஆண்டுதோறும் மண்ணெடுக்க மானியம் கிடைக்காது. ஆகவே திறப்பு விழாக் கல்வெட்டுகள் பெருகுகின்றன; ஐந்தாம் ஆண்டில் மோட்டார் நிற்கிறது.

2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்ந்தது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கும் 25 சதவீதம். உங்களுக்குக் கோபம் வந்தது, நியாயம். வரி கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு. ஆனால் வரியே வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லையே என்று கேட்பது நம்மையே நாம் ஏமாற்றுவது.

மக்கள் பணம் தர மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு ஆலந்தூரைக் காட்டுகிறேன். சென்னைக்குப் பக்கத்தில் அப்போது அது தனி நகராட்சி. 1996-இல் தலைவராக வந்த ஆர்.எஸ். பாரதி பாதாளச் சாக்கடை கொண்டுவர முனைந்தார். நகராட்சியிடம் பணம் இல்லை. தெருத் தெருவாகக் குடியிருப்போர் சங்கங்களைக் கூட்டிக் கணக்கை விரித்து வைத்தார்கள். வீட்டுக்கு 5,000 ரூபாய், கடைக்கு 10,000 ரூபாய் வைப்புத்தொகை. மண் தோண்டும் முன்பே மக்கள் கட்டினார்கள். 2000-இல் வேலை தொடங்கியது. ஏன் கட்டினார்கள்? மொத்தச் செலவு என்ன, கடன் எவ்வளவு, மாதக் கட்டணம் எவ்வளவு, அந்தக் கட்டணத்தில்தான் பராமரிப்பும் கடன் தவணையும் அடையும் என்று முதலிலேயே சொன்னார்கள். தீர்மானத்தின் இரண்டு பாதியும் மக்கள் முன் வந்தது. கட்டும் பாதி ஒன்று, காக்கும் பாதி ஒன்று.

ஆலந்தூர் பெரிய ஊர், அகரத்துக்கு அது பொருந்துமா என்று கேட்பீர்கள். சின்ன ஊருக்குத் தனியாகக் கடன் கிடைக்காதுதான். அதற்கும் தமிழ்நாடு ஒரு வழி கண்டது. 2002-இல் குடிநீர் - சுகாதாரக் கூட்டு நிதியம் ஒன்றை அமைத்து, 13 உள்ளாட்சிகளின் தேவையை ஒன்றாகச் சேர்த்து, 30.41 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டார்கள். 15 ஆண்டுத் தவணை, 9.20 சதவீத வட்டி. தனித்தனியே போனால் சந்தை திரும்பிப் பார்க்காத ஊர்கள் கைகோத்துப் போனபோது கடன் கிடைத்தது. இந்தியாவில் இவ்வகையில் அதுவே முதல். ஒரே ஆற்றங்கரையில் இருக்கும் பேரூராட்சிகள் வாய்க்காலுக்கும் குளத்துக்கும் ஒன்றுசேர்ந்தால் என்ன? அகரமும் தாடிக்கொம்பும் ஒரே ஆற்றின் பிள்ளைகள். எல்லைக்கல் நமக்குத்தான், தண்ணீருக்குக் கிடையாது.

கடன் வாங்குவது பாவமில்லை. எதற்கு வாங்குகிறோம் என்பதில்தான் நீதி இருக்கிறது. முப்பது ஆண்டு உழைக்கும் குழாய்க்குப் பதினைந்து ஆண்டுக் கடன் வாங்கலாம். அனுபவிப்பவர்களும் சேர்ந்து அடைப்பார்கள். ஐந்தாண்டில் பெயரும் அலங்காரத்துக்குப் பதினைந்து ஆண்டுக் கடன் வாங்கினால், பத்து ஆண்டுகள் இல்லாத பொருளுக்குத் தவணை கட்டுவோம்.

இந்த அறிவு நமக்குப் புதிதல்ல. அகரம் என்பது தமிழகத்தில் பல ஊர்களுக்குப் பெயர். கொடையாக அளித்த நிலத்தில் அமைந்த பழைய குடியிருப்புகளை அந்தச் சொல் குறித்தது. அப்படிப்பட்ட ஊர்களில் சபை இருந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் ஆள் தேர்ந்தெடுத்ததற்காகப் பள்ளிப் பாடத்தில் இருக்கிறது. அதில் நம் பேச்சுக்கு வேண்டியது வேறு இரண்டு செய்திகள். ஒன்று, ஏரிக்கென்றே தனி வாரியம்: ஏரி வாரியம். இரண்டு, வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய நெருங்கிய உறவினர்களும் மறுபடி அந்தப் பொறுப்புக்கு வரக் கூடாது. சோழர் காலத்து ஊர்கள் ஏரியைப் பராமரிக்கவே நிலம் ஒதுக்கின. ஏரிப்பட்டி என்று அதற்குப் பெயர். அந்த நிலத்தின் விளைச்சல் வண்டல் எடுக்கப் போகும். ஏரி ஒரு பக்கம், அதைக் காக்கும் வருமானம் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துக் கல்லில் வெட்டினார்கள்.

அந்தச் சபையில் நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்கள் மட்டுமே இருக்க முடிந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். உழுதவர் இல்லை, தாழ்த்தப்பட்டவர் இல்லை, பெண் இல்லை. இன்று நம் மன்றங்களில் பாதி இடம் பெண்களுக்கு. அந்தக் காலத்தைவிட நம் மன்றம் உயர்ந்தது. கணக்குக் காட்டுவதிலும் அதைவிட உயர்ந்ததாக இருக்க வேண்டும்.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளுக்கு 18 பணிகளைப் பட்டியலிட்டது. சாலையும் குடிநீரும் அதில் உண்டு. பண்பாடும் அழகியலும் அதில் உண்டு. ஆனால் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரி வரை நம் நகர்ப்புற மன்றங்களில் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. தனி அலுவலர்கள் நடத்தினார்கள். ஐந்தாண்டுக்கு மேல் கேள்வி கேட்க ஆள் இல்லாமல் கோப்புகள் நகர்ந்தன. மன்றத்தின் அருமை மன்றம் இருக்கும்போதே தெரிய வேண்டும்.

2022 நவம்பர் 1 முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. கிராமசபை போல நகர்ப்புறத்துக்கு. அங்கே போய் நீங்கள் கேட்க வேண்டியவற்றைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, ஊரின் பழம்பொருள் பட்டியல் ஒன்றைப் பேரூராட்சி எழுத வேண்டும். கிணறு, ஊருணி, வாய்க்கால், கல்தொட்டி, சுமைதாங்கி, பழைய பள்ளி, சந்தைக் கல். படத்தோடு, இருக்கும் இடத்தோடு. இதற்குக் கோடி வேண்டாம். பள்ளிப் பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் எடுத்துத் தருவார்கள். அந்தப் பட்டியலை மன்றம் தீர்மானமாக ஏற்று, எந்த மதிப்பீடு போட்டாலும் முதலில் அதைப் பார்க்கட்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு புதுப் பணியின் தீர்மானத்திலும் இன்னொரு வரி சேரட்டும்: இதை ஆண்டுக்கு எவ்வளவு செலவில், எந்த வரவிலிருந்து, யார் பராமரிப்பார்? விடை இல்லையென்றால் அந்தத் தீர்மானத்தைத் தள்ளி வையுங்கள்.

மூன்றாவது, நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிறது. ஐப்பசியில் முத்தாலம்மன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வீடு கைகொடுக்கும் ஊர் இது. அந்தக் கை ஒரு வாய்க்காலுக்கும் நீளட்டும். போட்ட ஒவ்வொரு ரூபாயும் எங்கே போனது என்று பேரூராட்சி வாசலில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

மன்ற உறுப்பினர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் கட்டியதை உங்களுக்குப் பின்னால் வருபவர் திறப்புக் கல்வெட்டில் படிப்பார். நீங்கள் காத்ததை எந்தக் கல்வெட்டும் சொல்லாது. தண்ணீர் நிற்கும் குளம் சொல்லும். கட்டுவதற்கு வழி சொல்லிக் காப்பதற்கு வழி சொல்லாத தீர்மானம் பாதித் தீர்மானம். அடுத்த கூட்டத்தில் கை தூக்கும் முன், மறுபாதி எங்கே என்று கேளுங்கள். நீங்கள் கேட்கவில்லையென்றால், இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள் கேட்பார்கள்.